பட்டியல் இல்லாத குழந்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையோடு வந்த மருத்துவ இணைப்பில், மழைக்கால டெங்கு பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு வரி: “காய்ச்சல் குறைந்த பிறகும் குழந்தை பட்டியலற்றுக் காணப்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.”

எங்கள் வீட்டில் பத்திரிகையை மருமகள்தான் உரக்கப் படிப்பாள். எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்படி ஒரு பழக்கம். படித்துக்கொண்டே வந்தவள் அந்த வரியில் நின்றுவிட்டாள். “மாமா, பட்டியலற்றுன்னா இன்னா?” என்றாள். வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் துணியை மடித்துக்கொண்டே, “எந்தப் பட்டியல்? வோட்டர் லிஸ்ட்டா, ரேஷன் லிஸ்ட்டா? கைக்கொழந்திக்கு ஏதும்மா லிஸ்ட்டு” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்து டீ குடிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் மன்னிக்கவும், வெட்டிப் போடுவது உங்கள் பாடு.

நடந்தது என்ன என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். மூலக் கட்டுரை ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது, அதில் ‘லிஸ்ட்லெஸ்’ என்று ஒரு சொல். லிஸ்ட் என்றால் பட்டியல், லெஸ் என்றால் அற்ற. மனிதரோ மெஷினோ, யாரோ இரண்டையும் கூட்டி விடை போட்டுவிட்டார்கள். கூட்டல் சரிதான், கணக்குத்தான் தப்பு.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் தமிழாசிரியனும் இல்லை, இங்கிலீஷ் வாத்தியாரும் இல்லை. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலின் சரக்கறை வாயான ஹேட்ச் ஓரத்தில் நின்றுகொண்டு, மேலே தூக்கி இறக்குகிற ஸ்லிங் (கயிற்றுக் கட்டு) ஒவ்வொன்றிலும் எத்தனை மூட்டை என்று, நாலு கோடு நிமிர்த்தி ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, நாளெல்லாம் கணக்குப் பிடிப்பதுதான் வேலை. கப்பல்காரன் லிஸ்ட், ஏஜென்ட் லிஸ்ட், குடோன் லிஸ்ட், கடைசியில் மூன்றும் ஒத்துவராமல் என் லிஸ்ட். லிஸ்ட்டிலேயே வளர்ந்து லிஸ்ட்டிலேயே நரைத்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு யூரியா கப்பல். வெள்ளைக்கார மேட் (கப்பல் அதிகாரி) ஒருவர் டெக்கில் ஓடிவந்து “லிஸ்டிங், லிஸ்டிங்!” என்று கத்துகிறார். நான் பதறிப்போய்க் கையிலிருந்த டாலி ஷீட்டை அவரிடம் நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் உள்ளங்கையைக் கவிழ்த்து ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். எங்கள் மேஸ்திரிதான் புரியவைத்தார்: “கப்பல் சாயுதாண்டா. ஒரே பக்கத்துலேர்ந்து மூட்டைய எடுத்துகினே இருந்தா சாயாம இன்னா பண்ணும்?” பாரம் சமமில்லாமல் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதற்கும் ஆங்கிலத்தில் லிஸ்ட் என்றுதான் பெயர். அலையாலோ காற்றாலோ கொஞ்ச நேரம் சாய்ந்து நிமிர்ந்தால் அதற்குப் பெயர் வேறு, ஹீல் என்பார்கள். அன்று பட்ட அவமானத்தில் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய அகராதி வாங்கினேன், முதுகு பிய்ந்த நிலையில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதைப் பார்த்துத்தான் லிஸ்ட் ஒன்றல்ல, ஒரே உடுப்புப் போட்ட பல ஆட்கள் என்று தெரிந்துகொண்டேன். பட்டியல் என்கிற லிஸ்ட் பிரெஞ்சு வழியாக வந்தது. துணியின் கரை, ஓரத்துப் பட்டை என்பது அதன் பழைய பொருள், பிறகு நீளமாகக் கிழித்த தாள் பட்டை, அதில் வரிசையாக எழுதிய பெயர்கள் என்று ஆகிவிட்டது. லிஸ்ட்லெஸ்ஸில் இருப்பது இந்த ஆள் இல்லை. அது பழைய ஆங்கிலத்தில் ஆசை, விருப்பம் என்று பொருள்பட்ட வேறொரு லிஸ்ட். லஸ்ட் என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு. 15ஆம் நூற்றாண்டிலேயே லிஸ்ட்லெஸ் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் அந்த லிஸ்ட் மட்டும் வழக்கொழிந்து போய்விட்டது, லெஸ்ஸோடு ஒட்டிக்கொண்டு இது தப்பித்தது.

எங்கள் மிஷன் பள்ளியில் காலை ஜெபத்தில் ஆங்கில வேதாகமம் வாசிப்பார்கள், 1611இல் வந்த அந்தப் பழைய மொழிபெயர்ப்பு. அதில் யோவான் 3ஆம் அதிகாரம் 8ஆம் வசனம்: ‘தி விண்ட் ப்ளோவெத் வேர் இட் லிஸ்டெத்.’ அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை, காற்று எதற்கு லிஸ்ட் போடுகிறது என்று நினைத்திருப்பேன். தமிழ் வேதாகமத்தில் அதே இடம் “காற்றானது தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது” என்று இருக்கிறது. லிஸ்டெத் என்ற இடத்தில் இஷ்டம். ராயபுரம், காசிமேடு பக்கம் எந்த மாதா கோயில் பாட்டியைக் கேட்டிருந்தாலும் உங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு இதைச் சொல்லியிருப்பாள். கப்பல் சாய்வதும்கூட இந்த இஷ்டத்திலிருந்து பிறந்ததுதான், கப்பல் ஒரு பக்கம் நாட்டம் கொள்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அது எவ்வளவு உறுதியோ, நினைக்க நன்றாக இருக்கிறது. நாமும்தான் “அவன் அந்தக் கட்சிப் பக்கம் சாய்வு” என்கிறோம்.

ஆக, லிஸ்ட்லெஸ் என்றால் இஷ்டம் அற்ற, எதிலும் நாட்டம் இல்லாத. களைப்பு மட்டும் இல்லை, தூக்கமும் இல்லை. ஒன்றும் வேண்டும் என்று தோன்றாத நிலை, அதனால் உடம்பும் துவண்டு கிடக்கும் நிலை.

ஆங்கிலத்தில் இப்படி அனாதையாகிப்போன லெஸ்கள் நிறைய. ரூத்லெஸ் என்பார்கள், ரூத் என்றால் இரக்கம், ஆனால் இன்று யாரும் ‘அவருக்கு ரூத் அதிகம்’ என்பதில்லை. ரெக்லெஸ்ஸில் இருக்கும் ரெக் என்றால் அக்கறை. ஹேப்லெஸ்ஸில் இருக்கும் ஹேப் என்றால் அதிர்ஷ்டம், ஹேப்பி அதன் வாரிசு. இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பதற்கு முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். “ஆளே சுரத்தில்லாம இருக்கான்” என்கிறோம். “இன்னைக்கு நான் நல்ல சுரத்தா இருக்கேன்” என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? உப்புச்சப்பு இல்லாத பேச்சு என்கிறோம், சப்புள்ள பேச்சு எங்கே? ஈவிரக்கம் வந்தாலே பின்னால் ‘இல்லாமல்’ வந்துவிடும். இருக்கும்போது பெயர் தேவைப்படாத சில விஷயங்கள் இல்லாமல் போகும்போதுதான் வாயில் வருகின்றன போலிருக்கிறது. சரி, அது வேறு பேச்சு.

உங்கள் பத்திரிகையிலேயே இந்தச் சொல் மூன்று பக்கத்தில் மூன்று வேஷம் போடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வணிகப் பக்கத்தில் ‘மந்தமான வர்த்தகம்’ என்கிறீர்கள். அது சரி, வாங்கவும் ஆசையில்லை விற்கவும் ஆசையில்லை என்று சந்தை கிடப்பதற்கு மந்தம் பொருந்துகிறது. ஜெர்மன்காரனும் ‘லுஸ்ட்லோஸ்’ என்ற சொல்லைச் சோர்ந்த மனிதனுக்கும் தூங்குகிற பங்குச் சந்தைக்கும் ஒன்றாகவே வைத்திருக்கிறான். விளையாட்டுப் பக்கத்தில் ‘சோம்பலான ஆட்டம்’ என்று எழுதுகிறீர்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சோம்பேறிக்கும் லிஸ்ட்லெஸ் ஆளுக்கும் கடலளவு வித்தியாசம் இருக்கிறது.

வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் 605ஆம் குறளில் சொல்வார், “நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்” என்று. தள்ளிப்போடுவது, மறதி, சோம்பல், தூக்கம், இந்த நாலும் கெட்டுப்போகிறவன் விரும்பி ஏறுகிற கப்பலாம். துறைமுகத்துக்காரனுக்கு இந்தக் குறள் பிடிக்காமல் போகுமா! காமக் கலன் என்ற இடத்தைக் கவனியுங்கள். சோம்பேறிக்கு ஆசை இருக்கிறது. தூங்க ஆசை, தள்ளிப்போட ஆசை, அந்தக் கப்பலில் ஏற ஆசை. லிஸ்ட்லெஸ் ஆள் எந்தக் கப்பலிலும் ஏறமாட்டான், கரையிலேயே நின்று கப்பலைப் பார்க்கக்கூட மாட்டான். அப்புறம் இன்னொன்று, குறளில் வரும் அந்தக் ‘காம’ வெறும் விருப்பம்தான். இன்றைக்குக் காமம் என்றால் என்ன நினைக்கிறோம்? ஆங்கிலத்தில் லஸ்ட்டும் முதலில் சாதாரண ஆசையாக இருந்து இப்படித்தான் ஒரே மூலைக்குத் தள்ளப்பட்டது. இரண்டு ஊரிலும் ஒரே வியாதி.

சும்மா இருப்பதும் லிஸ்ட்லெஸ் ஆகாது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் காசிமேடு வந்து பாருங்கள். விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. ஆனால் படகுக்கு மராமத்து, பெயின்ட், இன்ஜின் வேலை, வலை பின்னல், வட்டிக்காரனோடு தகராறு என்று இடமே கலகலவென்று இருக்கும். சும்மா இருப்பவனும் எந்நேரமும் பதினைந்தாம் தேதியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான். நாட்டம் முழுக்கக் கடல்மேல். குத்துச்சண்டைக்கு வந்தால், எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் அதை ‘ரோசமான குத்துச்சண்டை’ என்றுதான் சொல்வார்கள். அடி வாங்கித் தோற்பவனை யாரும் குறை சொல்லமாட்டார்கள். கையைத் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று ரிங்கில் நிற்கிறானே, அவனைத்தான் “ரோசமே இல்லாம ஆடுறான்” என்பார்கள். உங்கள் விளையாட்டுச் செய்தியாளர் இதை எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

இனி கோபத்துக்குக் காரணத்துக்கு வருகிறேன். வணிகப் பக்கத்தில், விளையாட்டுப் பக்கத்தில் சொல் கொஞ்சம் இடறினால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. இது டெங்கு கட்டுரை.

போன மழையில் என் பேரனுக்கு வந்தது. ஏழு வயசு. மூன்று நாள் அனலாய்க் கொதித்த உடம்பு நாலாவது நாள் காலையில் ஜில்லென்று ஆகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது, மருமகள் மாதாவுக்கு மெழுகுவத்திகூட ஏற்றிவிட்டாள். பையன் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் “போனைக் குடு, போனைக் குடு” என்று உயிரை எடுத்தவன், அன்று நாங்களே போனைக் கையில் வைத்தும் விரலை மடக்கவில்லை. பிடித்த கார்ட்டூனைப் போட்டால் கண் அந்தப் பக்கம் போகவில்லை. பால் வேண்டுமா, வேண்டாம்கூடச் சொல்லவில்லை. அழவும் இல்லை. மூன்றாவது வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, “ஜொரம் வுட்டுட்ச்சு சரி, புள்ள இன்னாத்துக்கு இப்டி சொணங்கிக் கெடக்குது? எனுக்கு இது நல்லால்ல, தூக்கிகினு போங்க” என்றாள். அந்த அக்கா படித்தது ஐந்தாவது வரைக்கும்தான்.

தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி காய்ச்சல் எப்போது விட்டது என்பதுதான். பிறகு அவர் விளக்கிச் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது: டெங்குவில் ஆபத்துக் கட்டம் காய்ச்சல் உச்சியில் இருக்கும்போது இல்லை, அது இறங்குகிற சமயத்தில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வருகிறது. ரத்தத்தில் இருக்கும் நீர் மெல்லிய நாளங்களின் வழியே வெளியே கசிகிறது, உடம்புக்குள்ளேயே ரத்தம் சுண்டிவிடுகிறது. அப்போது கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, இதில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. கேஸ் ஷீட்டில் முதல் வரியில் அவர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். லிஸ்ட்லெஸ் என்று இருந்தது. இத்தனை வருடம் அகராதியில் நான் பார்த்த சொல், முதல் தடவையாக ஒரு முகத்தோடு.

நாலு நாள் சலைன் ஏறியது. ஐந்தாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து, “தாத்தா, பீச் ஸ்டேஷன் அத்தோ வேணும்” என்றான். பர்மாக்காரர்கள் வண்டியில் போட்டுத் தருகிற அந்த நூடுல்ஸை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோக முடியுமா? நர்ஸ் திட்டினார். நான் வெளியே வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுதேன். போயிருந்த லிஸ்ட் திரும்பி வந்துவிட்டது, அத்தோவோடு.

இப்போது சொல்லுங்கள், பட்டியலற்றுக் காணப்பட்டால் என்று படிக்கிற தாய் என்ன செய்வாள்? சிரிப்பாள், அல்லது தாண்டிப்போவாள். கட்டுரையிலேயே அதிமுக்கியமான வரி அது.

‘சோர்வாக’ என்று போட்டிருந்தால் போதாதா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கக்கூடும். போதாது. காய்ச்சல் வந்த எல்லாப் பிள்ளையும் சோர்வாகத்தான் இருக்கும், அந்தச் சொல்லைப் பார்த்து ஒரு தாயும் எழுந்து ஓடமாட்டாள். சோர்ந்த பிள்ளையும் அம்மா மடி கேட்கும், சாக்லேட் கேட்கும், ஊசி வேண்டாம் என்று கத்தும். ‘சுணங்கி’ என்பதுதான் சரி. இந்தப் பக்கம் பிள்ளை பெற்ற எவளுக்கும் அது தெரியும். ஆனால் உங்களைப் போன்ற பத்திரிகைகள் ‘மேம்பாலப் பணிகளில் சுணக்கம்’ என்று எழுதி எழுதி, அந்தச் சொல்லையே காண்ட்ராக்டருக்குத் தாரைவார்த்துவிட்டீர்கள். சங்கப் பாட்டில் வரும் சுணங்கு வேறு, அது பெண்ணின் மேனியில் படரும் தேமல், யாராவது புலவர் சண்டைக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சுணங்கி வேண்டாம் என்றால், ‘எதையும் கேட்காமல், எதிலும் நாட்டமில்லாமல் துவண்டு கிடந்தால்’ என்று ஐந்தாறு சொல்லாகவே போடுங்கள். இடம் போதவில்லை என்றால் பக்கத்திலிருந்த சத்து மாவு விளம்பரத்தை ஒரு அங்குலம் குறைக்கலாம்.

இஸ்திரிக்காரர் சொன்ன யோசனை ‘பேஜாரா இருந்தா’. எனக்கும் ஆசைதான், உருதுவில் சலித்து வெறுத்துப்போன நிலைக்குச் சொல்லும் பேஸார்தான் நம் ஊரில் பேஜார் ஆனது, அதற்கு எதிர்க்கட்சியாகக் குஷாலும் அங்கிருந்தே வந்து குஜால் ஆனது. ஆனால் பேஜாரில் ஒரு புலம்பல் இருக்கிறது, “பேஜார் பண்ணாத” என்று அடுத்தவன்மேல் எரிந்துவிழுகிற சூடு இருக்கிறது. லிஸ்ட்லெஸ் பிள்ளையிடம் அந்தச் சூடுகூட இருக்காது. அதனால் பெரியவர்களுக்கு வைத்துக்கொள்வோம் என்று அவரைச் சமாதானம் செய்திருக்கிறேன்.

இதே இனத்தில் ஆங்கிலத்தில் இன்னும் நாலைந்து சொற்கள் உண்டு, உங்கள் மொழிபெயர்ப்பு மேசைக்கு அவையும் வரும். லெதார்ஜிக் என்பது தூக்கக் கலக்கத்தோடு கூடிய மந்தம், கிரேக்கத்தில் மறதியைக் குறிக்கும் லேத்தே என்ற சொல் அதில் இருக்கிறது. லாங்விட் என்பதில் ஒரு சொகுசு உண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்ட பிறகு வருமே அது. லேக்லஸ்டர் என்றால் ஒளி செத்த, காசிமேட்டு ஏலத்தில் பழைய ஐஸ் மீனின் கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் ‘சோர்வான’ என்று ஒரே சட்டையை மாட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். வழக்கம்போல ஆறாம் பக்கத்தின் அடியில், ராசிபலனுக்குக் கீழே, எறும்பு எழுத்தில் ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று போட வேண்டாம். அதே மருத்துவ இணைப்பில், அதே இடத்தில், அந்த ஒரு வரியை மட்டும் பெரிய எழுத்தில் திரும்பப் போடுங்கள்: காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளை சுணங்கிக் கிடந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்த ஞாயிறே போட்டால் நல்லது. கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைன் ஓரம் இன்னும் தண்ணீர் வடியவில்லை, எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டாலி கிளார்க்,
தண்டையார்பேட்டை, சென்னை.